ஸ்டீரியோ படத்தில் ஆழம் எவ்வளவு வைக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஸ்டீரியோ படம் எடுக்கிறேன். எடுத்ததைப் பெட்டிக் கண்ணாடியில் (போனை உள்ளே வைத்து இரண்டு லென்ஸ் வழியே பார்க்கும் பெட்டி) போட்டு, படத்தில் இருப்பவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவேன். ஒரே காட்சியைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து இரண்டு முறை எடுத்து, இடது படம் இடது கண்ணுக்கும் வலது படம் வலது கண்ணுக்கும் மட்டும் தெரியும்படி செய்தால் அதுதான் ஸ்டீரியோ படம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு நகர வேண்டும்? அதைச் சுற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கண்கள் இரண்டுக்கும் நடுவில் ஆறரை சென்டிமீட்டர்தானே. கேமராவையும் அவ்வளவே நகர்த்தினால் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் அதை விதியாக எடுத்துக்கொண்டால் கிட்டத்துப் படங்கள் எல்லாம் வீணாகும்.

வீட்டு வாசலில் நின்று ஒரு விரலை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். தெருக்கோடி விளக்கைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். விரலைப் பார்த்தால் விளக்கு இரண்டாகும். நாள் முழுக்க இப்படித்தான் பார்க்கிறோம், ஆனால் அது நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் பார்க்கிறது. மற்றது மங்கிவிடுகிறது, மூளையும் அதை விட்டுவிடுகிறது.

படத்தில் அந்த வசதி கிடையாது. விரலும் விளக்கும் ஒரே தாளில் கூர்மையாக இருக்கும். கண் இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கும், முடியாமல் வலிக்கும். அதனால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும் அதே ஆறரை சென்டிமீட்டர் படத்தில் சில நேரம் அதிகமாகிவிடுகிறது.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது?

படத்தில் உங்களுக்கு மிகக் கிட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து. கேமராவை எடுக்கும் முன் நான் முதலில் தேடுவது அதைத்தான். அழகான பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்ததாக, மிகத் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். கடைசியாக, இதை எதில் காட்டப் போகிறேன் என்று யோசிப்பேன்.

முப்பதில் ஒன்று என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கிட்டத்துப் பொருள் இருக்கும் தூரத்தை முப்பதால் வகுத்தால், கேமராவை அதிகபட்சம் எவ்வளவு நகர்த்தலாம் என்பது கிடைக்கும். 3 மீட்டரில் ஒருவர் நின்றால் 10 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டரில் ஒரு மீன் கூடை இருந்தால் 2 சென்டிமீட்டர்.

இது காற்றில் வந்த எண் இல்லை. 1947இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவில் 70 மி.மீ., லென்ஸின் குவியத்தூரம் 35 மி.மீ. அதை வைத்து ஏழு அடிக்குக் கிட்டத்தில் எதுவும் வராமல் எடுத்தால் பார்க்கச் சுகமாக இருந்தது. ஏழு அடி என்பது சுமார் 210 செ.மீ., அதாவது 7 செ.மீ. போல முப்பது மடங்கு. அப்படி எடுக்கும்போது பிலிமில் கிட்டத்துப் பொருளுக்கும் அடிவானத்துக்கும் உள்ள விலகல் 1.2 மி.மீ. அளவில் நிற்கும். விலகல் என்று சொல்வது, இரண்டு படங்களையும் மேலே மேலே வைத்து கிட்டத்துப் பொருளைப் பொருத்தினால் தூரத்துப் பொருள் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை. சாதாரண பிலிம் கேமராவின் 36 மி.மீ. அகலப் படத்தில் 1.2 மி.மீ. என்றால் அதுவும் முப்பதில் ஒரு பங்கு. அந்த விலகலைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தூரத்தை முப்பதால் வகுப்பது அதற்கான குறுக்குவழி, அவ்வளவுதான்.

லென்ஸ் மாறினால் குறுக்குவழியும் மாறும். செல்போனின் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் பிலிம் கேமராவின் 26 மி.மீ. லென்ஸுக்கு ஈடானது, கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். போனைப் படுக்கவைத்து எடுத்தால் முப்பதுக்குப் பதிலாக 22ஆல் வகுக்கலாம். நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் அகலம் குறைவதால் மறுபடி முப்பதுக்கே வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 42ஆல் வகுக்க வேண்டும்.

கணக்கு புரிகிறது, கண்ணுக்குப் புரியவில்லை. ஒரு எடுத்துக்காட்டு?

கேரம் போர்டை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும், எடுத்துப் பழக அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஆடுபவர் உட்காரும் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். போர்டின் கிட்டத்து ஓரம் போனிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருக்கும். எதிர் ஓரம் 115 செ.மீ. வரும். போனைப் படுக்கவைத்து, கொஞ்சம் கீழே சாய்த்து, போர்டு மட்டும் தெரியும்படி பிடியுங்கள். 40ஐ 22ஆல் வகுத்தால் 1.8. ஆனால் அது பின்னால் அடிவானம் வரை தெரியும் படத்துக்கான அளவு. இங்கே தூரத்துப் பொருளே 115இல் நின்றுவிடுகிறது. அதனால் இன்னொரு பெருக்கல் உண்டு: தூரத்தை, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 115ஐ 75ஆல் வகுத்தால் 1.53. இரண்டையும் பெருக்கினால் 2.8 செ.மீ. நகரலாம்.

இதே படத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு மேலே தெரு தெரிந்தால் 2.8 கிடையாது, 1.8தான். பின்னணியை மறைத்தால் அந்த அளவுக்குக் கூடுதல் ஆழம் வைக்கலாம்.

2.8இல் எடுத்ததைப் பாருங்கள். காய்களின் கனம் தெரியும். ஒரு காய் இன்னொன்றின் மேல் ஏறி நிற்காமல், அதன் பக்கத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்பது தெரியும். மூலைக் குழி உண்மையிலேயே கீழே இறங்கும். போரிக் பவுடர் பலகையின் மேல் ஒரு மெல்லிய படலமாகக் கிடக்கும், ஸ்ட்ரைக்கர் போன தடம் அதில் கோடாக இருக்கும். சாதாரணப் படத்தில் இது வெள்ளைக் கறை மாதிரிதான் இருக்கும். இப்போது அதே இடத்தில் ஆறரை சென்டிமீட்டர் நகர்ந்து எடுத்துப் பாருங்கள். விலகல் பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒன்று ஸ்ட்ரைக்கர் சேரும், இல்லை எதிர் ஓரம் சேரும், இரண்டும் சேர்ந்து சேராது.

எடுத்த பிறகு ஆழம் கூடிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவுகோல் போதும். இரண்டு படத்தையும் பாதி ஊடுருவித் தெரியும்படி மேலே மேலே வைத்து, கிட்டத்துப் பொருளைப் பொருத்துங்கள். தூரத்துப் பொருளின் இரண்டு பிம்பங்களுக்கும் நடுவில் திரையின் மேலேயே அளந்து பாருங்கள். படம் 15 செ.மீ. அகலமாகத் தெரிகிறது என்றால் 5 மி.மீ. வரை சரி. மசூஜி சூதோ என்ற ஜப்பானியர் எழுதிய ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் இலவசமாகவே கிடைக்கிறது. படங்களைப் பொருத்துவது, மேல்கீழ் பிசகைச் சரிசெய்வது எல்லாம் அதிலேயே முடியும். மேல்கீழ் பிசகை மட்டும் கட்டாயம் சரிசெய்யுங்கள். ஆழம் சரியாக இருந்தும் தலை வலிக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

கூடிப்போன ஆழத்தைப் பிறகு குறைக்க முடியாதா?

முடியாது. படங்களைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மொத்தக் காட்சியும் முன்னால் வரும் அல்லது பின்னால் போகும், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விலகல் அப்படியே இருக்கும். சின்னதாகக் காட்டினால் கொஞ்சம் தாங்கும்.

இதை நான் ஒரு நல்ல படத்தை இழந்து கற்றுக்கொண்டேன். காசிமேட்டில் ஒரு ஆயா பழைய விசைப்படகின் நிழலில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தார். ஒளி அருமையாக விழுந்தது. அவர் இரண்டு மீட்டரில் இருந்தார், ஆறரை சென்டிமீட்டர் சரி என்று எடுத்துவிட்டேன். படகின் முனையிலிருந்து ஒரு கயிறு என் முகத்துக்கு அரை மீட்டரில் தொங்கியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. விலகல் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆயாவிடம் காட்டினேன். பெட்டியைக் கண்ணில் வைத்தவர் உடனே எடுத்துவிட்டு, "கண்ண இழுக்குதுப்பா" என்றார். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்தப் படகை அதற்குள் உடைத்துவிட்டார்கள், திரும்ப எடுக்க வழியில்லை.

அன்றிலிருந்து நகராத காட்சி எதுவானாலும் 2, 4, 6 செ.மீ. என்று வரிசையாக நாலைந்து படம் எடுத்துவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து பொருத்தமான ஜோடியைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒரே போனில் இரண்டு படம் எப்படி எடுப்பது?

காலை அகட்டி நின்று, உடல் எடையை இடது காலில் வைத்து ஒரு படம், வலது காலுக்கு மாற்றி ஒரு படம். போனைத் திருப்பக் கூடாது, இணையாக நகர்த்த வேண்டும். உடம்பை இப்படி அசைத்தால் சுலபமாக ஆறேழு சென்டிமீட்டர் நகரும். கிட்டத்துப் பொருளுக்கு அது அதிகம். கேரம் போர்டு மாதிரி படத்துக்கு ஒரு மரப் பலகையில் அளவுகோலை ஒட்டி, அதன்மேல் போனை நகர்த்துவதுதான் சரி.

அசையும் எதையும் இப்படி எடுக்க முடியாது. அலை, கொடி, ஓடும் பிள்ளை எல்லாம் இரண்டு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், பொய்யான ஆழம் வரும். அதற்கு இரண்டு லென்ஸ் உள்ள கேமரா வேண்டும். 2010இல் வந்த ஃபியூஜிஃபில்ம் ரியல் 3டி டபிள்யூ3 இப்போது பயன்படுத்திய கேமராவாகக் கிடைக்கிறது. அதன் லென்ஸ் இடைவெளி 75 மி.மீ., ஆகவே இரண்டே கால் மீட்டருக்கு உள்ளே எதையும் விடாதீர்கள்.

எண்ணூர் பக்கத்து வட சென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தட்டையாகத்தான் வருகின்றன. என்ன செய்வது?

அவ்வளவு தூரத்தை ஆறரை சென்டிமீட்டரில் பிரிக்க முடியாது, நம் கண்ணுக்கே அது முடியாது. அகலமாக நகர வேண்டும். கிட்டத்தில் இருப்பது 600 மீட்டர் என்றால் முப்பதில் ஒன்று 20 மீட்டர். இடது படத்தை ஓரிடத்தில் எடுத்துவிட்டு 20 மீட்டர் நடந்துபோய் வலது படத்தை எடுக்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 20 மீட்டர் என்பது நம் கண் இடைவெளியைப் போல 300 மடங்கு. அப்போது 600 மீட்டரும் மூளைக்கு 2 மீட்டராகச் சுருங்கிவிடும். புகைபோக்கிகள் மேசைமேல் வைத்த பொம்மையாகத் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புகைபோக்கிகளின் அடியில் வாழ்கிறவர்களுக்கு அவற்றின் உயரம் என்ன என்று தெரியும். பொம்மையாக்கிக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 5 அல்லது 6 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். புகைபோக்கி வானத்திலிருந்து பிரியும், ஆனால் பெரியதாகவே இருக்கும்.

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் இன்னொரு வழி இருக்கிறது. எண்ணூர் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போனைப் பக்கவாட்டில் நேராகப் பிடித்துத் தொடர் படமாக எடுங்கள். ரயில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 10 மீட்டர். போன் நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் அடுத்தடுத்த படங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர். ஐந்து மீட்டர் வேண்டுமா, ஐந்து படம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்கம்பமோ கைப்பிடிக் கம்பியோ வந்த படங்களைத் தள்ளிவிட வேண்டும். கதவோரம் தொங்கி எடுக்காதீர்கள், உட்கார்ந்தே எடுங்கள்.

மீன் ஏல இடத்தில் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்தேன். ஆட்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியது போல் இருக்கிறார்களே?

ஜூம் செய்தால் அப்படித்தான் வரும். ஆளுக்கு ஆள் இடைவெளி தெரியும், ஒரு ஆளின் மூக்குக்கும் காதுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாது. நகர்வைக் கூட்டினால் முகம் கொஞ்சம் உருளும். ஆனால் பின்னணியின் விலகலும் அதோடு எகிறும்.

கிட்டே போங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். காலை நேர நெரிசலில் வியாபாரத்துக்கு இடைஞ்சலாக நிற்காமல், ஏலம் ஓய்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஒன்றரை மீட்டரில் நின்று, போனைப் படுக்கவைத்து, ஆறரை சென்டிமீட்டரில் எடுங்கள். முகம் முகமாக உருண்டு நிற்கும், பின்னால் தெரு முழுக்கத் தெரிந்தாலும் விலகல் முப்பதில் ஒன்றுக்குள்ளேயே இருக்கும். முகத்துக்கு மட்டும், பின்னணி வெறும் சுவராக இருந்தாலும், கணக்கு அனுமதிக்கிறதே என்று 12, 15 செ.மீ. போகாதீர்கள். மூக்கு நீண்டுவிடும். கார் கண்ணாடியில் முகம் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

ஜன்னல் என்கிறார்களே, அது ஆழத்தோடு சேர்ந்ததா?

ஆமாம். படத்தின் சட்டத்தை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். காட்சி அதற்கு வெளியே, அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்பக்கத் தூண்களை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 1856இல் திறந்த கட்டடம், தென்னிந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையங்களில் மிகப் பழையது. வரிசையாக நிற்கும் தூண்கள் ஸ்டீரியோவுக்கென்றே அமைந்தவை. கிட்டத்துத் தூணைப் படத்தின் இடது ஓரம் பாதியில் வெட்டி, அதே தூண் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றால், முன்னால் இருக்கும் தூணைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி வெட்டும் என்று மூளை குழம்பும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பார்க்கப் பிடிக்காது. படங்களை நகர்த்தி அந்தத் தூணைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். சட்டத்தைத் தொடாத பொருள் எதுவும் தாராளமாக முன்னால் வரலாம். நீட்டிய கையில் ஒரு மீன் மாதிரி.

போன் பெட்டியில் நன்றாக இருந்த படம் சுவரில் போட்டுக் காட்டும்போது கண்ணைப் பிடுங்குகிறதே?

சுவரில் விலகலும் சேர்ந்து பெரிதாகிறது. முப்பதில் ஒன்று என்பது 1 மீட்டர் அகல டிவியில் 3.3 செ.மீ. மூன்று மீட்டர் அகலச் சுவரில் அதுவே 10 செ.மீ. நம் கண் இடைவெளியோ ஆறரைதான். அடிவானத்தைப் பார்க்க இரண்டு கண்ணும் வெளிப்பக்கமாக விலக வேண்டியிருக்கும். அதற்குக் கண் பழகியதில்லை. பின்வரிசையில் இருப்பவர் சமாளித்துவிடுவார், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தாங்காது.

முன்னால் உட்காருவது பிள்ளைகள்தான். அவர்களின் கண் இடைவெளி இன்னும் குறைவு, ஐந்து ஐந்தரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதனால் தெருவில் திரை கட்டிக் காட்டப்போகும் படத்துக்கு அறுபதில் ஒன்றைத் தாண்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பெட்டியில் பார்க்க அது கொஞ்சம் குறைவாகத் தோன்றும். பரவாயில்லை.

சிவப்பு–நீலக் கண்ணாடிக்கு?

இன்னும் குறையுங்கள். அந்தக் கண்ணாடி ஒரு கண்ணின் படத்தை மற்றக் கண்ணிடமிருந்து முழுதாக மறைப்பதில்லை. வெளுத்த வானத்துக்கு எதிரே கறுத்த படகுக் கம்பம் இருந்தால் பக்கத்தில் ஒரு பேய்க் கம்பம் தெரியும். விலகல் கூடக்கூட அது தள்ளித் தள்ளித் தெரியும். திருவொற்றியூர்க் கோயில் பக்கம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். காவிப் பட்டை அடித்த சுவர் ஒரு கண்ணுக்கு வெளுப்பாகவும் மற்றதற்குக் கறுப்பாகவும் தெரிந்து மினுமினுக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு அனாகிளிப் (இந்தக் கண்ணாடிக்கான சிவப்பு–நீலப் படம்) செய்தால் தொல்லை போய்விடும்.

என் தம்பிக்கு எந்தப் படத்திலும் ஆழம் தெரிவதில்லை. படம் தப்பா?

படம் தப்பாக இருக்க வேண்டியதில்லை. மாறுகண் இருந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் பார்வை மங்கியவர்களுக்கும் ஸ்டீரியோ ஆழம் தெரியாமல் இருக்கலாம். ஆழம் குறைவான நல்ல படம் இரண்டு மூன்றைக் காட்டுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளை என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, சிறு வயதில் கண்டுபிடித்தால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு போன்தான் இருக்கிறது. காசிமேட்டில் எப்போது போனால் எடுக்கலாம்?

மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தண்ணீரில் கட்டியிருக்கும் படகுகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும், அவற்றை விடுங்கள். கரையேற்றி மராமத்துக்கும் பெயின்டுக்கும் நிறுத்தியிருக்கும் படகுகள் அசையாது. பின்பக்கம் போய் நில்லுங்கள். ப்ரொப்பெல்லர் ஒன்றரை மீட்டரில் இருக்கட்டும், அடிப்பகுதி மேலே வளைந்து போகட்டும். வழியில் தொங்கும் கயிறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3, 5, 6 சென்டிமீட்டரில் ஒவ்வொரு ஜோடி எடுங்கள். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் வெயில் பக்கவாட்டில் விழும், பலகைகளின் நடுவில் பஞ்சு அடைத்த கோடுகூட ஆழமாகத் தெரியும்.